இருமல் பொத்தான்

தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்த ஒரே ஒரு கேட்ச்சினால் பன்னாட்டுப் புகழையும், ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சி வர்ணனையாளர் பணியையும் பெற்றவர் அவர். ‘பசைக்கை’ என்பது ரசிகர்கள் அவருக்குச் சூட்டிய பெயர். அந்தக் கேட்ச்சில் ஆட்டமிழந்து, அதன்பின் தம் அணியில் இடமே பெறாத எதிரணி மட்டையாளர் ‘நெட்டை’, இன்று அதே வர்ணனை அறையில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். அன்று பிடிக்கும்முன் பந்து புல்லைத் தொட்டதைப் பசைக்கை மட்டுமே அறிவார். பத்தொன்பது ஆண்டுகளாக மனைவியிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

மைதானத்தில் ஓர் இளைஞன் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்தான். பந்து தரையில் பட்டதா என்று நடுவர்கள் மூன்றாம் நடுவரைக் கேட்டனர்.

“சார், உங்க பழைய கேட்ச்ச இதுக்குப் பக்கத்துலயே போடுறோம்,” என்று காதொலிப்பானில் தயாரிப்பாளரின் குரல் விரைந்தது. “ரெண்டும் சுத்தமான கேட்ச்னு அடிச்சுச் சொல்லுங்க. பத்தே செகண்ட்!”

“அட, என்னை ஊத்தி மூடின வீடியோ வருது!” என்று நெட்டை நேயர்களிடம் சிரித்தார். “இந்த மனுஷன் புண்ணியத்துலதான் நான் பேட்ட வச்சிட்டு மைக்கப் புடிச்சேன்.”

திரையில் இரண்டு கைகள் அருகருகே தோன்றின. பழைய படம் மங்கலாகவே இருந்தது. அதனைக் கொண்டு எதனையும் மெய்ப்பிக்க இயலாது. “சுத்தம்” என்னும் ஒரு சொல் போதும். பெயரும் பணியும் நிலைக்கும்.

அவ்வேளையில் நெட்டை தமக்கு முன்னிருந்த இருமல் பொத்தானை அழுத்தினார். வர்ணனையாளர் ஒவ்வொருவருக்கும் அத்தகைய பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தியிருக்கும்வரை அவர் இருமினாலும் பேசினாலும் நேயர்களுக்குக் கேட்காது.

“யோவ், ஒரு தடவையாவது சொல்லித் தொலையேன்.” நெட்டையின் முகத்தில் சிரிப்பு இல்லை. “நமக்குள்ளயே இருக்கட்டும். தரையில பட்டுச்சா, இல்லையா?”

“சார், சத்தமே போகல! பேசுங்க!” என்று காதொலிப்பான் அலறியது.

பசைக்கையின் விரலும் தம் பொத்தானைத் தேடிச் சென்றது. கணப்பொழுது அதன்மீது தங்கியது. பின்னர், அழுத்தாமலேயே விலகிற்று.

“என் கேட்ச் தரையில பட்டுச்சுய்யா,” என்றார். “அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

அச்சொற்கள் பல லட்சம் வீடுகளைச் சென்றடைந்தன.

“அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் தூங்கலடா,” என்றார் நெட்டை. பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவர் மறந்திருந்தார். அது பசைக்கைக்கு மட்டுமே கேட்டது.