வாய்விட்டுச் சொன்ன பெயர்

ஆசகேல் புரூயிட் இறந்து நாலு குளிர்காலம் ஆகிறது. அவர் ஜெயித்த வழக்குகள் எத்தனையோ இருக்க, அவர் மனைவி கெசையாவின் நினைவுக்கு முதலில் வருவது, தேர்தலில் அவர் தோற்ற 1854 ஆகஸ்ட் திங்கட்கிழமைதான்.

அமெரிக்காவின் மிசௌரியில் அப்போது ஓட்டுச் சீட்டு கிடையாது. நீதிமன்ற வாசலில் எழுத்தர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவன் தனக்கு வேண்டியவரின் பெயரை ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். வேட்பாளர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு: தன் ஓட்டை எதிராளிக்கே போடுவது.

ஒன்பது வருஷமாகச் சட்டப் புத்தகங்களைச் சேணத்தில் கட்டிக்கொண்டு, ஆற்று வெள்ளத்தில் குதிரையை நீந்தவிட்டு, ஊர் ஊராக வழக்காடியவர் ஆசகேல். சட்டமன்றத்துக்குப் போய் அந்த ஆற்றுக்கு ஒரு பாலம் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. கெசையாவுக்கு அதைவிடப் பெரிய ஆசை. பெண்களுக்கு ஓட்டில்லை என்பதால், வண்டியில் உட்கார்ந்து காலையிலிருந்து ஓட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது இருவருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் ஆசகேலின் ஓட்டு ஒன்றுதான். எதிராளி லேமுவேல் ஸ்ட்ரவுட் மத்தியானமே வந்து, கூசாமல் தன் பெயரையே சொல்லிவிட்டிருந்தான்.

கெசையாவின் தம்பி ஓபேத் ஆசகேலின் கையைப் பிடித்தான். "மச்சான், அவனே மரியாதையக் காத்துல விட்டுட்டான். உங்க பேரச் சொல்லுங்க, முடிஞ்சுது."

ஆசகேல் தொப்பியைக் கழற்றினார். "லேமுவேல் ஸ்ட்ரவுட்."

யாரோ ஒருவன் கத்தினான்: "ஊருக்கெல்லாம் வாதாடுவாரு வக்கீலு, தனக்குன்னா வாய் வராது!" கூட்டம் சிரித்தது. ஓபேத் தன் தொப்பியைத் தரையில் அடித்தான்.

ஆசகேல் வண்டியருகே வந்தார். "திட்டிரு, கெசையா. ஜூன் மாசம் மேடையில அவன் கையப் பிடிச்சு, என் ஓட்டு உனக்குத்தான்னு சொன்னேன். அவன் மறந்துட்டான். எனக்கு மறக்கல."

திட்டத்தான் அவளுக்கு வாய் துடித்தது. ஆனால், சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நின்ற அந்த மனிதரைப் பார்த்தாள். இவர் என் புருஷன் என்று நெஞ்சு விம்மியது. வண்டிமேல் எழுந்து நின்றாள்.

"என் ஓட்டு ஆசகேல் புரூயிட்டுக்கு!"

சிரிப்பு நின்றது. எழுத்தர் தலையைச் சொறிந்தார். "அம்மா, பொம்பளைங்க ஓட்ட நான் எழுத முடியாதே."

"எழுதச் சொல்லல. எல்லாருக்கும் காதுல விழுந்துச்சான்னுதான் பாத்தேன்."