தென்னைக்கு வைத்த ஈயம்

வடிகட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள் மைதிலி. உள்ளே புது மணிகள் நிறைந்திருந்தன. அவள் வருவதற்குள்ளேயே யாரோ மாற்றியிருந்தார்கள்.

"பழசு எங்கங்க?"

பஞ்சாயத்து மோட்டார் ஆபரேட்டர் நல்லதம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வீணாக்குவேனா மேடம்? துரு கலர்ல இருந்துச்சு, இரும்புச் சத்துதானேன்னு தென்னைக்கு வெச்சிட்டேன்."

துறையூர் பக்கத்து இந்தச் சின்ன ஊரில் முன்பு பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதை மூடி எட்டு வருடமாகியும் போர்வெல் தண்ணீரிலிருந்து ஈயம் போகவில்லை. திருச்சிக் கல்லூரியில் வேதியியல் நடத்தும் மைதிலி மூன்று வருடம் பாடுபட்டு, தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இரும்பு நானோ துகள்களைச் செய்து, மணிகளின் மேல் பூசி, இந்த வடிகட்டியை வைத்திருந்தாள். அந்தத் துகள்கள் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊர் ஆறு மாதம் குடித்திருக்க வேண்டிய ஈயம் மொத்தமும் பழைய மணிகளில்தான் இருந்தது. அதைத்தான் இவர் போர்வெல்லுக்குப் பத்தடி தள்ளிக் கொட்டி, மண் மூடி, தண்ணீரும் விட்டிருந்தார்.

"பழசைத் தொடாதீங்கன்னு டப்பா மேல எழுதி ஒட்டியிருந்தேனே! படிக்கலையா?"

"பாத்தேங்க. இங்கிலீஷ்ல இருந்துச்சு. கம்பெனி பேருன்னு நெனச்சேன்."

அதற்குமேல் அவரைத் திட்ட முடியவில்லை. இங்கிலீஷில் எழுதியது அவள்தானே.

கையுறை மாட்டிக்கொண்டு இருவரும் வெயிலில் தோண்டினார்கள். மண்ணும் மணியுமாக இரண்டு மூட்டை தேறின. வேர் வெளியே தெரிய, தென்னங்கன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நல்லதம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனால், ஸ்டோர் கீப்பர் நவநீதன் கதவை மறித்து நின்றார்.

"பிரின்சிபால் லெட்டர் இருக்குங்களா?"

"சனிக்கிழமை யார் சார் லெட்டர் தருவாங்க? இது ஈயம்!"

"ஈயம்ங்கறதாலதாங்க லெட்டர் கேக்கறேன். திங்கக்கிழமை வாங்க."

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டுக்கு முன் காரை நிறுத்தியபோது அவள் கணவர் லக்ஷ்மணன் எட்டிப் பார்த்தார்.

"பின்னாடி என்ன மூட்டை?"

"ஈயம். தொடாதீங்கோ, கார்லயே இருக்கட்டும்."

"ஊர் தண்ணியச் சுத்தம் பண்றேன்னு விஷத்தை நம்மாத்துக்குக் கொண்டு வந்துட்டியே! நாளைக்குக் கல்யாணத்துக்கு எதுல போறது?"

"ஆட்டோல."

ஆட்டோவில்தான் போனார்கள்.

திங்கட்கிழமை பிரின்சிபால், கல்லூரிப் பாதுகாப்புக் கமிட்டி முடிவு செய்யட்டும் என்றார். கமிட்டிக்காரர், பிரின்சிபால் சொன்னால் போதுமே என்றார். இரண்டு அறைகளுக்கும் நடுவே நான்கு முறை நடந்த மைதிலிக்கு ஐந்தாவது முறை பொறுக்கவில்லை. நேரே காருக்குப் போய், மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பிரின்சிபால் அறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இது இங்கதான் சார் இருக்கும்."

ஐந்து நிமிடத்தில் கடிதம் வந்தது. மூட்டைகள் ஸ்டோரில் சீல் வைத்த டிரம்முக்குள் போயின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசாயனக் கழிவு எடுக்க வரும் லாரியில் அனுப்பலாம் என்று முடிவானது.

சனிக்கிழமை எடுத்து வந்த போர்வெல் தண்ணீரின் பரிசோதனை முடிவு புதன்கிழமை வந்தது. ஈயம் பழைய அளவில்தான் இருந்தது, கூடவில்லை. மைதிலி மூச்சு விட்டாள். உடனே நல்லதம்பிக்கு போன் செய்தாள்.

"ஒண்ணும் ஆவலைல்ல?" என்றார் அவர். "நீங்கதான் மேடம் சும்மா டென்ஷன் ஆயிட்டீங்க."

மைதிலி போனைக் காதிலிருந்து எடுத்து, கண்ணை மூடித் திறந்து, மறுபடி காதில் வைத்தாள்.

"அடுத்த தடவை தொடாம எனக்கு போன் பண்ணுங்க."

"கண்டிப்பாங்க. அப்புறம் மேடம், நம்ம பாலு அண்ணனும் அன்னிக்கு பழைய மணியில ரெண்டு பக்கெட் வாங்கிட்டுப் போனாரு, வாழைக்குப் போடணும்னு. அதையும் எடுக்கணுங்களா?"

மைதிலி மேஜை மேலிருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"வாழை எங்க இருக்குன்னு சொல்லுங்க."