பன்னிரண்டு மணி வரை மௌனம்

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் வியோரிகா ஓல்தியானு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். வெளியே மழை. நனைந்த குடையை மூலையில் விரித்து வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே கணினியைத் திறந்தாள். குழுவின் பொது அஞ்சல் பெட்டி காலியாக இருந்தது. மூச்சு விட்டாள்.

இன்னும் மூன்று மணி நேரம் யாரும் எதுவும் எழுதாமல் இருந்தால் ஏழாம் அத்தியாயம் நிறைவேறிவிடும்.

வானூர்தி ஆய்வில் ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் இருக்க அமைத்த கூட்டு ஆலோசனைக் குழு அது. பிரஸ்ஸல்ஸில் ஒரு மூன்றாம் மாடி, நான்கு அறைகளில் வியோரிகா வேலை பார்க்கும் செயலகம், பதினொரு நாடுகளிலிருந்து பதினொரு உறுப்பினர்கள். அத்தனை பேரையும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்காரவைப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் குழுவின் ஐந்தாண்டு ஆவணத்தை அத்தியாயம் அத்தியாயமாக வரைந்து அனுப்பிக் கெடு சொல்லிவிடுவார்கள். கெடுவுக்குள் யாரும் எழுதவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம். யாராவது எழுதினால் மௌனம் கலைந்தது. திரும்பவும் முதலிலிருந்து.

ஏழாம் அத்தியாயத்துக்கு மௌனம் மூன்று முறை கலைந்திருந்தது.

முதல் முறை கலைத்தவர் ஜெர்மனியின் டெஸ்மர். ‘பொதுவாக உடன்படுகிறோம்’ என்று ஒரு வரி எழுதி, கூடவே நான்கு பக்க இணைப்பையும் அனுப்பினார். அது சம்மதமா இல்லையா என்று மூன்று வாரம் சண்டை. அலுத்துப்போய் வியோரிகாதான் விதிக்குப் புதிதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். கெடுவுக்குள் எந்தக் கடிதம் வந்தாலும், அதில் என்ன இருந்தாலும், மௌனம் கலைந்ததாகவே கொள்ளப்படும். அந்த வரியை எல்லோரும் மௌனமாக ஏற்றார்கள். இரண்டு வருடத்தில் அவள் கண்ட ஒரே சுமுகம் அது.

இரண்டாம் முறை ஸ்வீடன். கெடு முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது எழுதியது. அட்டவணையில் தங்கள் நாடு கடைசியில் இருக்கிறது, காரணம் தெரியலாமா என்று கேட்டிருந்தது. அகர வரிசை என்று அவள் பதில் போட்டாள். எந்த மொழியின் அகர வரிசை என்று கேட்டார்கள்.

மூன்றாம் முறை மறுபடி டெஸ்மர். துளியின் அளவைக் கணக்கிடும் முறையில் தவறு இருக்கிறது என்றார். இருந்தது. திருத்தினாள்.

துளிகள்தான் அந்த அத்தியாயமே. குளிர்ந்த காற்றில் தண்ணீர்த் துளிகளைத் தெளித்து, விமான இறக்கையில் பனிக்கட்டி எப்படிப் படிகிறது என்று பார்க்கும் காற்றுச் சுரங்கங்கள் நான்கு நாடுகளில் இருந்தன. ஒவ்வொன்றும் துளியை ஒவ்வொரு விதமாக அளந்தது. ஒரு நாட்டின் முடிவை இன்னொரு நாடு ஏற்காது. ஒரே இறக்கையை நான்கு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நான்கு முறை சோதித்தார்கள். இனி ஒரே அளவு, ஓரிடத்து முடிவு எல்லா இடத்திலும் செல்லும் என்றது ஏழாம் அத்தியாயம். அதன் பட்டியலில் நான்காவதாக இருந்தது புக்கரெஸ்டுக்கு வெளியே உள்ள சுரங்கம். இருப்பதில் சிறியது, பழையது. பிரஸ்ஸல்ஸுக்கு வருவதற்கு முன் வியோரிகா பதினான்கு வருடம் அங்கேதான் வேலை பார்த்தாள்.

அந்தச் சுரங்கத்தின் தலைவர் டோரு கசாகுவிடம் அவருடைய அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஐரோப்பியப் பட்டியலில் பெயர் வந்தால் சுரங்கம் ஓடும். வராவிட்டால் இலையுதிர் காலத்தோடு நிறுத்திவிடலாம்.

குழுத் தலைவர் லகோம்ப் இந்த முறை கண்டிப்பாக இருந்தார். “வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஆவணம் அச்சுக்குப் போகுது. ஏழு இருந்தா ஏழோட போகும், இல்லன்னா இல்லாம போகும். அஞ்சாவது சுத்து கிடையாது.” அடுத்த ஆவணம் ஐந்து வருடம் கழித்துத்தான்.

அதனால் வியாழக்கிழமை முழுவதும் அவள் தொலைபேசியில் இருந்தாள். ஆட்சேபம் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். இல்லை என்றவர்களிடம், அப்படியானால் எழுதாதீர்கள் என்று கெஞ்சினாள். நன்றி வேண்டாம், வாழ்த்து வேண்டாம், கிடைத்தது என்று ஒரு வரிகூட வேண்டாம். ஸ்வீடன்காரர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

டெஸ்மரிடம்தான் நேரம் பிடித்தது.

“நாப்பத்திரெண்டாம் பக்கத்துல ஒரு எழுத்துப்பிழை இருக்கு, ஓல்தியானு மேடம்.”

“நானே திருத்திடறேன். நீங்க எழுதாதீங்க.”

“எழுத மாட்டேன்னு வாக்கு குடுக்கறேன். ஆனா என் கையை நானே நம்பறதில்ல. ஒண்ணு செய்யறேன். நாளைக்குக் காலையிலயே மலை ஏறப் போயிடறேன். போனை வீட்டுலயே வெச்சிடறேன்.”

அவருக்கு அவள் மூன்று முறை நன்றி சொன்னாள்.

அப்படிப் பத்துப் பேரைப் பிடித்துவிட்டாள். பதினோராவது ஆள் ருமேனியாவின் உறுப்பினர் டோரு. குழுவுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. அவருடைய சுரங்கத்துக்காகத்தான் இத்தனையும். அவரிடம்போய் எதிர்க்காதீர்கள் என்று என்னவென்று சொல்வது? அவரை அவள் கூப்பிடவில்லை.

பத்தரை. பெட்டி காலி. பதினொன்று. காலி. எதிர் மேசையில் இருந்த யோரிஸ் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தான். விதிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஆறு வருடமாக இருவருக்கும் ஒரே அறை.

“அதையே முறைச்சுப் பாத்துட்டு இருந்தா பயந்து ஏதாவது வந்துடப்போகுது” என்றான்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு வந்தது.

யோரிஸ்தான் முதலில் பார்த்தான். சிரிக்கவில்லை. “வியோரிகா. உங்க ஊர்லேருந்து.”

டோரு நன்றாக எழுதியிருந்தார். ஏழாம் அத்தியாயத்தை ருமேனியா மனமார ஆதரிக்கிறது. தங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இதற்காக உழைத்த செயலகத்துக்கு, குறிப்பாகத் திருமதி ஓல்தியானுவுக்கு, நன்றி. பதினொரு உறுப்பினர்களுக்கும் தலைவருக்கும் நகல்.

அவள் இரண்டு முறை படித்தாள். எண்ணை அழுத்தினாள்.

“பாத்தியாம்மா?” என்றார் டோரு. குரலில் பூரிப்பு. “நம்ம ஆளுங்களே பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்னுதான் எல்லாருக்கும் போட்டேன்.”

“பாத்தேன் சார். அப்புறம் கூப்பிடறேன்.”

யோரிஸ் அதற்குள் விதிப் புத்தகத்தை விரித்திருந்தான்.

“இது ஆதரவுடா” என்றாள்.

“எந்தக் கடிதம் வந்தாலும், அதில் என்ன இருந்தாலும்” என்று அவன் வாசித்தான். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான். “நல்லாத்தான் எழுதியிருக்கே. ஒரு ஓட்டை இல்ல.”

பெட்டியில் இன்னொன்று விழுந்தது. போர்ச்சுகல். ருமேனியாவின் கருத்தோடு இணைந்துகொள்வதில் மகிழ்ச்சி. இரண்டு நிமிடத்தில் இத்தாலி. அடுத்து கிரீஸ். ஒருவர் பாராட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது எதிர்ப்பதுபோல் தெரியும். அந்தப் பதினொரு பேருக்கும் அது நன்றாகத் தெரியும். நேற்று எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்கள் இன்று முந்திக்கொண்டு எழுதினார்கள்.

வியோரிகா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு வருடமாக ஒரு நல்ல வார்த்தை கேட்டிராத அத்தியாயம்.

“இப்படியே போனா பதினோரு பேரும் எழுதிடுவாங்க போலிருக்கு” என்றான் யோரிஸ். “எழுதினா அது வேற விதி.”

அவள் கையை எடுத்தாள். “எந்த விதி?”

“ஒன்பது. எல்லா உறுப்பினரும் கெடுவுக்குள்ள எழுத்துல சம்மதம் குடுத்தா, மௌனமே தேவையில்ல. யாரும் பயன்படுத்தினதே இல்ல. பதினோரு பேர எழுத வெக்கறது யாரால முடியும்?”

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. நான்கு பேர் எழுதியிருந்தார்கள்.

அவள் தொலைபேசியை இழுத்தாள். யோரிஸும் எடுத்தான். பட்டியலை மேலிருந்து அவள், கீழிருந்து அவன். நேற்று தயவுசெய்து எழுதாதீர்கள் என்றவள் இன்று தயவுசெய்து எழுதுங்கள், உடனே, ஒரு வரி போதும் என்றாள். ஸ்பெயின்காரர் ரயிலில் இருந்தார். இது என்ன விளையாட்டு என்று கேட்டார். கேட்டுக்கொண்டே எழுதினார். போலந்து எதற்கும் அமைச்சகத்தைக் கேட்டுவிடுகிறேன் என்றது. அமைச்சகம் இப்போது சாப்பிடப் போயிருக்கும் என்றாள். அப்படியானால் கேட்க வேண்டாம் என்று போலந்து எழுதிவிட்டது. செக் நாட்டின் பெண்மணி ஒன்றும் கேட்கவில்லை. ஃபின்லாந்து ஒரே சொல்லில் பதில் அனுப்பியது.

ஐம்பத்தாறுக்கு ஸ்வீடன். “போன தடவை நாங்க எழுதினப்ப கோவிச்சுக்கிட்டீங்க” என்றார் அவர். ஆனால் எழுதினார்.

யோரிஸ் விரல் விட்டு எண்ணினான். “ஒன்பது. நெதர்லாந்து வந்தாச்சு, பத்து.”

மிச்சம் டெஸ்மர்.

அவருடைய எண்ணை அவள் அழுத்தும்போது பதினொன்று ஐம்பத்தேழு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது முறை அடித்தபோது ஒரு பெண் எடுத்தாள். டெஸ்மரின் மனைவி.

“அவர் காலையிலயே மலைக்குப் போயிட்டாரே. போன் இங்க சமையலறை மேசை மேல கிடக்கு. நீங்க யாரு?”

வியோரிகா பெயரைச் சொன்னாள்.

“ஓ, ஓல்தியானு மேடமா? உங்களுக்குத்தான் வாக்கு குடுத்திருக்கேன்னு சொன்னார். கவலைப்படாதீங்க. அவர் ஒண்ணும் எழுத மாட்டார்.”

அவர் சார்பில் அலுவலகத்திலிருந்து யாராவது எழுதலாமா என்று அவள் யோரிஸிடம் சைகையில் கேட்டாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். உறுப்பினர் மட்டும்தான்.

டெஸ்மரின் மனைவி அங்கே மழை இல்லை, நல்ல வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வியோரிகா நன்றி சொல்லி வைத்தாள். மணி பன்னிரண்டு.

லகோம்பின் அறைக்கு இருவருமாகப் போனார்கள். அவர் எல்லாக் கடிதங்களையும் அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். யோரிஸ் நிலைமையைச் சொன்னான். மௌனம் கலைந்தது. எழுத்துச் சம்மதம் பத்து. பதினொன்று இல்லை.

“முப்பது வருஷமா இந்த மாதிரி குழுக்கள்ல இருக்கேன்” என்றார் லகோம்ப். “எந்த அத்தியாயத்துக்கும் இவ்வளவு ஆதரவு வந்து நான் பாத்ததில்ல.”

“ஒரு மணி நேரம் குடுங்க. அவர் மலையிலேருந்து இறங்கட்டும்.”

“இன்னைக்கு நான் ஒரு மணி நேரம் குடுத்தா, நாளைக்கு ஒவ்வொரு ஊரும் கேக்கும். கெடு நீங்க போட்டது. விதியும் நீங்க எழுதினது.” அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

அந்தப் புது வரியையாவது நீக்க வேண்டும் என்று கேட்டாள். தாராளமாக, எழுதிக் கொடுங்கள் என்றார். உறுப்பினர்களுக்கு அனுப்பி இரண்டு வாரக் கெடு வைக்கலாம், மௌன விதிப்படி.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆவணத்தைத் திறந்து ஏழாம் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேர்ந்தெடுத்தாள். அழிக்க ஒரு விசை போதுமாக இருந்தது. எட்டு ஏழானது. பக்க எண்கள் தாமாக மாறிக்கொண்டன. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே அச்சுக்கு அனுப்பினாள்.

யோரிஸ் கீழே போய்ப் பொரித்த உருளைக்கிழங்குப் பொட்டலம் இரண்டு வாங்கி வந்தான். அவள் தன்னுடையதைப் பிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுத வேண்டியிருந்தது. அத்தியாயம் ஏழு: நீக்கப்பட்டது. ஆதரவு: பத்து. எதிர்ப்பு என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று சற்று யோசித்துவிட்டு, ‘இல்லை’ என்று போட்டாள்.

மூன்று மணிக்கு டெஸ்மர் கூப்பிட்டார். இப்போதுதான் வீட்டுக்கு வந்தாராம். கடிதங்கள் எதையும் இன்னும் பார்க்கவில்லை, முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்.

“ஒரு எழுத்துகூட எழுதல. சொன்ன மாதிரியே.”

“தெரியும். ரொம்ப நன்றி.”

“அந்த நாப்பத்திரெண்டாம் பக்கம்? திருத்திட்டீங்கதானே?”

“அந்தப் பக்கத்துல இப்ப பிழை இல்ல” என்றாள்.

வைத்ததும் மறுபடி அடித்தது. புக்கரெஸ்ட் எண். யோரிஸ் தொலைபேசியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

“என்னம்மா, இன்னும் கூப்பிடவே இல்லையே” என்றார் டோரு. “இங்க எல்லாரும் உக்காந்திருக்கோம். முடிஞ்சுதா?”

“இல்ல சார். ஏழு போயிடுச்சு.”

அவருக்குப் பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தும் ஒலி கேட்டது.

“ஜெர்மன்காரன்தானே?”

“அவர் எதுவும் எழுதல.”

“ஸ்வீடனா?”

“அவங்க ஆதரவு சார்.”

“அப்ப யாரும்மா எதிர்த்தது?”

“யாரும் எதிர்க்கல.”

“எதிர்க்காம எப்படிப் போகும்?” என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஆறு வாரம்தானே ஆகியிருந்தது.

வியோரிகா விதிப் புத்தகத்தை இழுத்து, தான் எழுதிய வரி இருந்த பக்கத்தைத் திருப்பினாள்.

“ஒரு வரி படிக்கறேன் சார், கேளுங்க” என்றாள்.