பையோனியாவில் என்ன பேசினார்கள்

செல்லத்தாய் மேசையில் படத்தைக் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மேசையைத் தூக்க வந்த நாலு ஆட்களும் ஒதுங்கி நின்றார்கள். அப்பா படம் வரைகிற மேசை அது. அந்த வீட்டில் ஆறடிக்கு நீளமான பலகை வேறு கிடையாது. குளிப்பாட்டிய அவர் உடம்பை அதில்தான் கிடத்த வேண்டும் என்று சித்தப்பா உக்கிரபாண்டி சொல்லிவிட்டார்.

“வெரசா எடு தாயி. மலை மெட்டுல மழை எறங்குது. வெறகு நனைஞ்சா தீப்பிடிக்காது.”

“கிழிஞ்சிரும் சித்தப்பு. ஆறு மாச வேலை.”

“மனுசனே போயாச்சு. வேலையப் பேசுறா.”

அவள் கடைசி ஊசியையும் எடுத்து, மைப்படம் வரையும் அந்த மெழுகுத் துணியை இரண்டு முனையிலும் பிடித்து, உள்ளறையில் டிரங்குப் பெட்டியின் மேல் விரித்தாள். ஆட்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள்.

அப்பா கண்ணுச்சாமி சர்வே ஆபீசில் முப்பது வருஷம் காடு கரைக்கு எல்லை வரைந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஏலத்தோட்டங்களுக்கு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். போன தை மாதம் மதுரையில் ஒரு பேராசிரியர், தான் தமிழில் எழுதும் சரித்திரப் புத்தகத்துக்கு ஒரு படம் கேட்டார். பழைய கிரேக்க நாட்டில் எந்த ஊரில் எந்தப் பேச்சு, சுற்றி இருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்று காட்டுகிற படம். ஒரு பேச்சுக்குச் சாய்ந்த கோடு, ஒரு பேச்சுக்குக் குறுக்குக் கோடு, வடக்கே இருந்த திரேசியர் என்ற சனத்துக்குப் புள்ளி.

“அந்த ஊர்க்காரவுக இத வாங்கிப் பாப்பாகளா?” என்று அவர் பெண்சாதி அன்னக்கொடி கேட்டாள்.

“அவுகெல்லாம் செத்து ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு.”

“நல்லாருக்கு. உசுரோட இருக்கவ பேசுனா காதுல ஏறாது. செத்தவன் பேச்சுக்குப் படமாக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே மை தொட்டார். அளவுகோலின் மறுமுனையைப் பிடிக்கிறவள் செல்லத்தாய். அவளிடம்தான் பேசுவார்.

“பாரு ஆத்தா, இந்த அர்க்காடியா நடுமலை. சுத்தி இருக்கவன் பேச்சு வேற. இவன் பேச்சோட ஒட்டுன பேச்சு எங்க இருக்கு தெரியுமா? கடலுக்கு அங்கிட்டு, சைப்ரஸ் தீவுல.”

“அம்புட்டுத் தூரம் எப்படிய்யா போச்சு?”

“நம்ம ஊர்ல வீட்டுக்குள்ள கன்னடம் பேசுறாகள்ல. மைசூர் என்ன பக்கத்துலயா இருக்கு? சனம் போனா பேச்சும் கூடத்தான் போகும்.”

எல்லா ஊரும் முடிந்து வடக்கே ஓரிடம் மட்டும் பாக்கி நின்றது. பையோனியா என்று பேர். அதில் அவர் கை வைக்கவில்லை.

“இங்க என்னய்யா போடணும்?”

“என்னத்தப் போட? அவுக ராசாக்க பேரு நாலு தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. சிலமலை விலக்கு ரோட்டுல பஸ்சுக்கு நிக்கிற நாலு பேரு பேரக் கேட்டுட்டு, ஊரே இன்ன பாசைதான் பேசுதுன்னு எழுதுனா ஒப்புவாகளா?”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. திங்கட்கிழமை பேராசிரியரின் கடிதம் வந்தது. செல்லத்தாய் அவர் காதருகே குனிந்து படித்தாள். ‘படத்தில் வெற்றிடம் இருக்கக் கூடாது. பையோனியாவிலும் திரேசியருக்கு இட்ட புள்ளியையே இட்டு வைக்கவும். புதன்கிழமை அச்சகத்திலிருந்து ஆள் வருவார்.’

படத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் இடது கையைத் தூக்கி, அந்த வெறும் இடத்தின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தார். அவளாக எடுத்து விடுகிறவரை எடுக்கவில்லை. புதன் விடியற்காலை உயிர் அடங்கிற்று.

அச்சகத்து ஆள் மலைச்சாமி, காலை ரயிலில் இறங்கி, படத்தைச் சுருட்டிப் போட ஒரு தகரக் குழாயோடு தெருவுக்குள் வந்தவர், சங்குச் சத்தம் கேட்டு நின்றார். திரும்பிப் போய் ஒரு மாலை வாங்கிவந்து போட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெகுநேரம் ஓரமாக நின்றுவிட்டு உள்ளறை நிலைப்படிக்கு வந்தார்.

“கேக்கக் கூடாத நேரம்மா. நாளைக்கு அச்சு ஏறுது.”

உக்கிரபாண்டி பின்னாலேயே வந்தார். “கேத வீட்டுல இருந்து சாமான் வெளிய போகக் கூடாதுங்க. மூணாம் நாள் பால் ஊத்துன பெறகு வாங்க.”

“இது நம்ம சாமான் இல்ல சித்தப்பு. அவுக சாமான்” என்றாள் செல்லத்தாய்.

“அப்ப அவுக சொன்னபடி புள்ளிய வச்சுக் குடுத்துவிடு. அண்ணனே கைய வச்சு மூடிக் காட்டிட்டாருன்னு நீதான சொன்ன?”

“மூடச் சொல்லல. தொடாதேன்னு காட்டுனாரு.”

“நீ கண்டியா?”

“நீங்க கண்டீகளா?”

“மேலதிகாரி எழுத்துக்கு ஒரு நாளும் மறுப்பு எழுதாத மனுசன் தாயி அவரு. முப்பது வருசம்.”

அதுவும் மெய்தான். அவள் மலைச்சாமியைப் பார்த்தாள். “அப்படியே வெறும் எடமா விட்டுக் குடுத்தா?”

“கொண்டு போறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன். அங்க யாராச்சும் புள்ளி வச்சிருவாக. வைக்கச் சொன்னா நானே வைப்பேன், என் பொழப்பு அது. கீழ அய்யா பேரு இருக்கும்.”

படத்தின் வலது மூலையில் ‘வரைந்தவர்: சோ. கண்ணுச்சாமி, போடிநாயக்கனூர்’ என்று மணி மணியாக இருந்தது. கடைசியில் எழுதவேண்டியதை அவர் முதலிலேயே எழுதி வைத்திருந்தார். அவர் பேர் அச்சில் ஏறுவது இதுதான் முதல் தடவை.

கூடத்திலிருந்து பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் கூப்பிட்டாள். “செல்லத்தாயி, வாய்க்கரிசி போட வா. தூக்கப் போறாக.”

செல்லத்தாய் மைப்புட்டியைத் திறந்தாள். அப்பாவின் பேனாவில் தொட்டு, டிரங்குப் பெட்டியின் மேல் குனிந்து, பையோனியாவுக்குள் எழுதினாள். ஆறே எழுத்து. பெட்டியின் மூடி மேடுபள்ளமாக இருந்ததில் கடைசி எழுத்து சற்றுக் கீழே இறங்கிவிட்டது.

“என்ன எழுதுற?” என்றார் உக்கிரபாண்டி.

“தெரியவில்லைன்னு.”

“வாத்தியாரு ஒத்துக்கிருவாரா?”

“வெற்றிடம் இருக்கக் கூடாதுன்னுதான எழுதியிருக்காரு. இப்ப இல்லல்ல.”

மலைச்சாமி குனிந்து பார்த்தார். “இத மாத்தணும்னா பிளேடால சொரண்டணும். நாளைக்கு அச்ச வச்சுக்கிட்டு யாரு சொரண்டப் போறா? துணி ஓட்டையாகிரும்” என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழாயின் மூடியைத் திருகினார்.

“இருங்க. மை காயல.”

ஆடிச் சாரலில் மை எங்கே காயும்? அவள் ஊதினாள். பந்தல் கீற்றில் தூறல் விழ ஆரம்பித்தது. பாடை கட்டியவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

“ஊரே நிக்குது. ஒரு எழுத்துக்காக நிக்குது” என்றார் உக்கிரபாண்டி.

விடிந்ததிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி திரும்பினாள்.

“காயட்டும் கொழுந்தனாரே. ஈரத்தோட சுருட்ட அவரு விட்டதில்ல.”

உக்கிரபாண்டி சுவரோரம் உட்கார்ந்தார். சங்கு ஊதுகிறவனும் சங்கை மடியில் வைத்துக்கொண்டான். நாலைந்து கிழவிகள் வெற்றிலை போட்டார்கள். தூறல் ஒருமுறை வலுத்து, பிறகு குறைந்தது. செல்லத்தாய் விரலால் ஒற்றிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஒட்டிற்று. மறுபடி ஊதினாள்.

சுருட்டிக் கொடுத்ததும் மலைச்சாமி குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேத வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பதால், பேசாமல் படியிறங்கிப் போனார்.

அவள் கூடத்துக்கு வந்து, கருத்தம்மாள் நீட்டிய ஓலைப்பெட்டியிலிருந்து அரிசி அள்ளி அப்பாவின் வாயில் போட்டாள். விரல் நுனியில் இருந்த மை ஈரம் பட்டு ஓர் அரிசி மட்டும் கறுப்பாக விழுந்தது. கருத்தம்மாள் அதை எடுக்கக் கையை நீட்டினாள். அன்னக்கொடி பார்த்தாள். கருத்தம்மாள் கையை இழுத்துக்கொண்டு, அடுத்து நின்றவர் பக்கம் பெட்டியை நீட்டினாள்.