மூடாத கலயம்

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று ஒதுக்கி வைப்பது ஜெபகனிக்கு அம்மை வீட்டில் படிந்த பழக்கம். முக்கூடல் பக்கத்தில் வேதக்காரர் என்று சொல்லப்படும் கிறிஸ்தவப் பெண்கள் எல்லாருக்கும் உள்ளதுதான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்; இல்லாதவர்கள் பசியாறுவார்கள்.

ஆனால் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இப்போது கோயில் என்ற பேச்சே கிடையாது. மாமனார் கருத்தையா ஒரு வரப்புத் தகராறில், கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியாரோடு முறுக்கிக்கொண்டு சபையை விட்டே விலகிவிட்டார். "இந்த வீட்டு ஆள் யாரும் அந்தப் படி ஏறினா, அப்படியே அம்மை வீட்டுக்கு நடையைக் கட்டிரணும்" என்று மருமகளிடம் சொல்லியும் வைத்தார். புருஷனோ கொழும்பில் கடை வேலையில் இருந்தான். ஜெபகனி வாய் திறக்கவில்லை. கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. வேளைக்கு வேளை ஒரு பிடி எடுத்து, விறகுக்குப் பின்னால் ஒரு கலயத்தில் போட்டுக் கந்தலால் மூடி வைத்தது.

அந்தச் சனிக்கிழமை மாமியார் விறகை இழுத்தபோது கலயம் அகப்பட்டது.

"ஏ களவாணி!" நெல் குத்த வரும் இசக்கி மேல் பாய்ந்தாள் மாமியார். "குத்துத கூலி போதாதுன்னு பதுக்கியும் வைக்கியோ?"

"அம்மன் சத்தியமா எனக்குத் தெரியாதும்மா!" இசக்கி உலக்கையைப் போட்டுவிட்டு அழுதாள்.

தெருவே வாசலில் கூடிவிட்டது. கருத்தையா வந்து நின்றார். "இனி இவ இந்த வாசலை மிதிக்கப்படாது. ஊர்ல எவனும் இவளுக்கு வேலை குடுக்கவும்படாது."

ஜெபகனி அடுக்களை நிலையைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்தால் தன் வாழ்வு போகும். திறக்காவிட்டால் இசக்கி பிள்ளைகளின் வாயில் மண். 'ஆண்டவரே' என்றாள் நெஞ்சுக்குள். பிறகு வெளியே வந்தாள்.

"மாமா, அது நான் எடுத்து வச்ச கைப்பிடி அரிசி. கோயிலுக்குச் சேர வேண்டியது. இசக்கி ஒரு பாவமும் அறியாதவ."

கருத்தையா அவள் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்லி வச்சது மறந்துட்டோ?"

"மறக்கல மாமா. பயந்துதான் ஒளிச்சு வச்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. நான் வேதக்காரி. நாளைக்கு இதைத் தூக்கிட்டுக் கோயிலுக்குப் போவேன். அதுக்கப்புறம் அம்மை வீட்டுக்கு அனுப்புனா, போயிருதேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கோயில் மணி அடித்ததும் ஜெபகனி கலயத்தை இடுப்பில் ஏற்றினாள். கந்தலை அடுப்பில் போட்டிருந்தாள். வாசலில் இசக்கி காத்திருந்தாள்.

"நானும் வாரேன் தாயி. மூடாம கொண்டு போறியளே, குருவி விரட்ட ஆள் வேண்டாமா?"

"நில்லு ஏட்டி!" உள்ளிருந்து கருத்தையாவின் குரல். ஜெபகனி கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் வந்து கலயத்துக்குள் எட்டிப் பார்த்தார். அரிசி கழுத்துக்குக் கீழேயே கிடந்தது.

"கருத்தையா வீட்லேர்ந்து குறைக் கலயமா போகுது? அந்த உபதேசியான் என்ன நினைப்பான்? ஏளா, அரிசிப் பெட்டியை எடுத்துட்டு வா!"

மாமியார் ஓலைப்பெட்டியோடு வந்தாள். முதலில் இசக்கியின் மடியில் இரு கையாலும் அள்ளிப் போட்டாள். அவளுக்குக் கேட்கத் தெரிந்த மன்னிப்பு அதுதான். பிறகு கலயத்தைக் கோபுரமாய் நிறைத்தாள்.

"வெயில் ஏறுமுன்ன திரும்பி வந்து உலையை வையி" என்றார் கருத்தையா, எங்கோ பார்த்துக்கொண்டு.

ஜெபகனி தலை நிமிர்ந்து நடுத்தெருவில் நடந்தாள். நிறைந்த கலயம் அடிக்கு அடி சிந்தியது. குருவிகள் பின்னாலேயே வந்து பொறுக்கின. இசக்கி விரட்டவில்லை.