ஷிப்ட் அவருக்கு

"உனக்கு இருட்டுன்னா பயமா?" கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்களையே கட்டிக்கிட்டேன், இருட்டுக்கா பயப்படப்போறேன்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஜன்னலில் கறுப்புத் திரையை மாட்டினார்.

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து, நாலு மணிவரை தூங்குவார். எங்களுக்கு இருப்பதோ ஒரே அறை. நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். மேஜை விளக்கைச் சுற்றி அட்டையைக் கட்டி, ஒரு சாண் வெளிச்சத்தில் வேலை பார்ப்பேன். அவர் கிளம்பியதும் வீட்டிலிருக்கிற விளக்கையெல்லாம் போட்டு, மிச்சத்தை நடுராத்திரி தாண்டியும் உட்கார்ந்து முடிப்பேன். இப்படியே ஏழு வருஷம். நடுவில் இரண்டு தடவை பகல் ஷிப்ட் வந்தது. இரண்டு தடவையும் வேண்டாமென்றுவிட்டார். மாறுங்களேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம் தூக்கமே போய்விட்டது. ராத்திரி படுத்தாலும் ஒரு பொட்டுக்கூடக் கண் மூடாது. பகலில் பேனாவோடு சாய்ந்துவிடுவேன். போன வாரம், 'சூரியன் மேற்கே உதிக்கிறது' என்று வந்திருந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

"உங்க வீட்டுல அப்படித்தானோ?" என்றார் பதிப்பாசிரியர்.

இன்று காலை டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"நைட் ஷிப்டா?"

"எனக்கில்ல டாக்டர், வீட்டுக்காரருக்கு."

"ஷிப்ட் அவருக்கு, கோளாறு உங்களுக்கா? நல்ல பங்கீடும்மா!"

காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பகலைத் தொடங்குமாம். ராத்திரி வெளிச்சம் தூக்கத்துக்கான சுரப்பைத் தள்ளிப்போடுமாம். "பிரஷரும் ஏறியிருக்கு. முதல்ல பகலைப் பகலா, ராத்திரியை ராத்திரியா வையுங்க."

வீட்டுக்கு வந்தபோது அவர் தூங்காமல் காத்திருந்தார்.

"என்னவாம்?"

"பகல்ல வெளிச்சத்துல இருக்கணுமாம்."

"இவ்வளவுதானா? மாடியில கொஞ்ச நேரம் நின்னுட்டு வா." படுக்கையில் சாய்ந்தார். "பகல் ஷிப்ட்ல மறுபடி ஒரு இடம் காலியாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். வேணாம்னுடப்போறேன். ராத்திரின்னா பிடுங்கி எடுக்க மேலதிகாரி கிடையாது. உனக்கும் பழகிப்போச்சு."

கேட்டால் அவர் நிம்மதியைக் கெடுத்தவளாகிவிடுவேனோ என்றுதான் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தேன். போர்வையை இழுத்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குப் பழகலைங்க," என்றேன். "பகல் ஷிப்டுக்கு வந்துடுங்க."