பதின்மூன்றாவது தலை

என் தம்பி தென்னரசுவுக்கு ஒரு காலேஜின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் என்று வந்தால் எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காமல் ஏறி நான் பிடித்த வித்தவுட் ஆசாமிகளை வரிசையாக நிறுத்தினால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, திண்டிவனம் மேம்பாலம் ஏறி இறங்கியும் வரிசை முடியாது. ரிட்டயர் ஆன பிறகு சந்தேகப்பட ஆளில்லாமல் வீட்டில் பால் பாக்கெட்டை இரண்டு முறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தென்னரசுவின் மகள் மலர்விழி பிளஸ் டூ முடித்து இரண்டு இடத்தில் சீட் வாங்கியிருந்தாள். ஒன்று, விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே இன்ஜினியரிங் காலேஜ். ஆறாயிரம் பிள்ளைகள், நாற்பது மஞ்சள் பஸ். இன்னொன்று, கிளியனூரைத் தாண்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ். மொத்தமே நூற்று முப்பது சொச்சம் பிள்ளைகள். அவள் மனசு எதில் இருக்கிறது என்று அவள் வாயைத் திறக்காமலே தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பெரியவர்கள் கையெழுத்தோடு ஃபாரத்தைக் கொடுக்காவிட்டால் அந்தச் சின்னக் காலேஜ் சீட் அடுத்தவருக்குப் போய்விடும்.

"நீ போய் ஒரு செக்கிங் போட்டுக்கினு வாண்ணே," என்றான் தென்னரசு. "நீ சரின்னா நீயே கையெழுத்து போட்டுடு. வேணாம்னா நாளைக்கே இன்ஜினியரிங்ல சேத்துட்றேன்."

எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்ததும் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் 'நல்லது', வலப்பக்கம் 'சந்தேகம்'. திண்டிவனத்தில் பஸ் மாறுவதற்குள் வலப்பக்கத்தில் ஏழு சேர்ந்துவிட்டன. காலேஜுக்கு சொந்த பஸ் இல்லை. ரோட்டில் ஒரு பேனர்கூட இல்லை. சரித்திரமும் படிக்கலாம், கல்லையும் மண்ணையும் படிக்கலாம், நாடகமும் போடலாம் என்றால், இந்த வண்டி எந்த ஊருக்குத்தான் போகிறது? இடப்பக்கத்தில் 'காற்று நன்றாக வரும்' என்று மட்டும் இருந்தது. அதுவும் போய்ப் பார்க்காமல் எழுதியது.

பக்கத்து சீட்டிலிருந்து மலர்விழி எட்டிப் பார்த்தாள். "வேணாம்னு முடிவு பண்ணிக்கினுதான் கெளம்புனீங்களா பெரிப்பா?"

"நான் எதையும் முடிவு பண்ணலம்மா. தலையை எண்ணிப் பாத்துட்டு சொல்றேன்."

"ஆளு கம்மியா இருந்தா தப்பா?"

"பஸ்ஸு காலியா ஓடிச்சின்னா ஒண்ணு ரூட்டு சரியில்ல, இல்லன்னா கண்டக்டர் சரியில்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடித்த ஃபாரத்தை ஓமந்தூர் போகிற ஒரு பாட்டியின் கீரைக்கட்டு நசுக்கிவிடாமல் மார்போடு பிடித்திருந்தாள்.

காலேஜின் பெயர்ப் பலகை எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் உயரம்தான் இருந்தது. வாட்ச்மேன் இல்லை. வலப்பக்கத்தில் எட்டு, ஒன்பது. முதல்வர் பிரபாவதி அம்மாள் தானே வாசலுக்கு வந்து கைகூப்பினார். பத்து. ஆறாயிரம் பிள்ளைகள் உள்ள காலேஜில் முதல்வரைப் பார்க்க மூன்று தலைமுறை காத்திருக்க வேண்டும் என்று கேள்வி.

"எல்லா கிளாசும் நடக்குது சார். எங்க வேணாலும் போய் பாருங்க," என்றார். இப்படிச் சொல்கிற கண்டக்டரை நான் நம்பியதே இல்லை.

மலர்விழி தண்ணீர் குடிக்கப் போனாள். நான் ஆரம்பித்தேன். முதல் அறையில் நுண்ணோக்கி வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர். அதில் ஒரு பெண்ணுக்கு இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. அடுத்த மணி அடித்து வேறு அறைக்குப் போனால் அங்கே சரித்திரப் பாடம். அங்கேயும் ஒரு மாவுக்கட்டு. எனக்குள் பழைய இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்தான். எங்கோ ஆஸ்பத்திரியில் சோதனை வருகிறது என்றதும் நோயில்லாத மனுஷர்களைக் கூட்டி வந்து கட்டிலில் படுக்க வைத்தார்களாமே, அந்த வேலை. நாலு பேரை அறைக்கு அறை ஓடவிட்டு நூற்று முப்பது என்று காட்டுகிறார்கள்.

ஆனால் அத்தாட்சி வேண்டும். பாடம் முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் போய், "கை சீக்கிரம் சரியாகணும்மா," என்று சொல்லி, சிவப்பு மை பேனாவால் மாவுக்கட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். "தேங்க்ஸ் தாத்தா," என்றாள். அவள் பெயர் இளவரசி.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் நாடக ஒத்திகை. ராணி வந்தாள். ராணியின் கையில் மாவுக்கட்டு. மாவுக்கட்டில் என் கையெழுத்து.

அப்போது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை எழுத இந்தத் தாள் போதாது. நேரே முதல்வர் அறைக்குப் போனேன்.

"அம்மா, உங்க காலேஜில உண்மையா எத்தினி பேரு?"

"இன்னைக்கு வந்தது நூத்தி முப்பத்தியொண்ணு."

"அந்த மாவுக்கட்டு பொண்ணை மூணு எடத்துல பாத்தேன். கையெழுத்து இருக்குது, என்னுது."

பிரபாவதி அம்மாள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். "இங்க ஒரே பொண்ணு மூணும் படிக்கலாம் சார். அதுக்குத்தான் இந்த காலேஜே."

நல்ல விளக்கம். ஆனால் வித்தவுட் ஆசாமிகளிடம் இல்லாத நல்ல விளக்கமா? ஒரு முறை ஒருவன், டிக்கெட்டை ஆடு தின்றுவிட்டது என்று ஆட்டையே காட்டினான். "எல்லாரையும் அப்படியே உக்கார வைங்க. ஒருத்தரும் ரூம் மாறக்கூடாது. நான் எண்ணணும்."

"எண்ணுங்களேன்," என்று வருகைப் பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார்.

கதவுகளைச் சாத்தவைத்தேன். நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏறுகிற அதே மிடுக்கு. செக்கிங் ஆள் முகத்தைப் பார்த்து எண்ண மாட்டான். முகம் பொய் சொல்லும். பின்னாலிருந்து தலையை எண்ண வேண்டும். ஒவ்வோர் அறையாக எண்ணினேன். பதிவேட்டில் பதினான்கு, அறையில் பதினான்கு. பதினொன்று, பதினொன்று. பேஜாராகிவிட்டது. ஒரு தலையாவது குறையக்கூடாதா?

கடைசி அறையில் திருவக்கரை கல்மரங்களைப் பற்றிப் பாடம். பதிவேட்டில் பன்னிரண்டு. பின்வரிசைக்குப் பின்னால் நின்று எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. என் வாழ்நாளில் தலை குறைந்து பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு தலை கூடுதல். வித்தவுட்.

முன்பக்கம் போய் முகங்களைப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில், மடியில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, காலையில் தண்ணீர் குடிக்கப் போனவள் உட்கார்ந்திருந்தாள்.

"மரம் கல்லாச்சின்னு சொல்றீங்க," என்று வாத்தியாரை மடக்கிக்கொண்டிருந்தாள். "இங்கியே மொளைச்ச மரமா, ஆத்துல அடிச்சிக்கினு வந்ததா? வேரே காணோமே."

வாத்தியார் பன்னிரண்டு பேரையும் பார்த்து, "யாருக்குத் தெரியும்?" என்றார். ஆளாளுக்குப் பேசினார்கள். அப்பா கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற எங்கள் மலர்விழி, அத்தனை பேருக்கும் மேலே குரலை உயர்த்தினாள். நான் எதிரே நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க பெரிப்பா. போர்டு மறைக்குது."

முப்பத்திரண்டு வருடத்தில் என்னைத் தள்ளி நிற்கச் சொன்ன முதல் வித்தவுட் அவள்தான். தள்ளி நின்றேன்.

மணி நாலரை. வராந்தாவில் நின்று தென்னரசுவுக்கு ஃபோன் போட்டேன்.

"இன்னாண்ணே, பாத்தியா? பஸ்ஸு இருக்குதா?"

"இல்ல."

"வேல வாங்கித் தருவாங்களா?"

"எழுதித் தர மாட்டாங்களாம். கேட்டுட்டேன்."

"அப்ப சந்தேகம்தான்."

"இருவத்திமூணு சந்தேகம் எழுதி வெச்சிருக்கேன். ஒண்ணுகூட தீரல. ஆனா உம் பொண்ணு ஏறி உக்காந்துட்டா தென்னரசு. டிக்கெட் இல்லாம, பாடத்துல. எறக்கி உட்டுடவா?"

"பேசறாளா?" என்றான்.

"வாத்தியாரு பேச எடமே குடுக்கல."

"நம்ம மலரா?"

"நம்ம மலருதான். முகத்தைப் பாத்துட்டுதான் சொல்றேன்."

"அப்ப ஜல்தியா கையெழுத்து போடுண்ணே. அஞ்சு ஆயிடப் போவுது."

ஃபாரத்தில் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷம், கீழே நேரத்தையும் குறித்து, '13 தலைகள், சரி' என்று எழுதிவிட்டேன். பிரபாவதி அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். கோடு போட்டு அடிக்கவில்லை. மலர்விழி என் காலண்டர் தாளைப் பிடுங்கி, இடப்பக்கத்தில் ஏதோ எழுதி, மடித்து என் சட்டைப் பையில் திணித்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் இளவரசி ஒற்றைக் கையால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான்காவது இடம். பஸ் ஏறியதும் தாளை எடுத்து வலப்பக்கத்தில் இருபத்து நான்கு என்று குறித்துக்கொண்டேன். இடப்பக்கத்தில் காற்றுக்குக் கீழே, மலர்விழியின் கையெழுத்தில், 'வேர் எங்கே என்று திங்கட்கிழமை சொல்கிறார்களாம்' என்று இருந்தது.